இருவருக்கும் வேண்டியது தண்ணீர் என்றால் சண்டை எதற்கு? ஃபால்அவுட் 3 கதையின் ஓட்டைகள் பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஃபால்அவுட் 3 விளையாட்டை முடித்திருக்கிறீர்கள். கதாநாயகனின் அப்பா தண்ணீரைச் சுத்தம் செய்யப் பாடுபட்டார். வில்லனாக வரும் கர்னலும் அதே இயந்திரத்தை ஓடவைக்கத்தான் பார்க்கிறார். பிறகு ஏன் இத்தனை பேர் சாகவேண்டும், இது கதையில் விழுந்த ஓட்டையா அல்லது நீங்கள் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியை வாங்கினால் இந்தக் குறை தீருமா என்பது இரண்டாவது கேள்வி. மேலே தெரிவது லாஜிக் இடிக்கிறதா என்ற சந்தேகம்தான். ஆனால் உங்களை உண்மையில் உறுத்துவது, எதிரில் நின்ற மனிதர் என்ன நினைத்து இதையெல்லாம் செய்தார் என்பது தெரியாமலேயே அவரைத் தீர்த்துக்கட்ட வேண்டியிருந்தது என்பதே என்று எனக்குப் படுகிறது. அந்த உறுத்தல் நியாயமானது. அதற்குத்தான் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

வீடியோ கேம்களுக்குக் கதையும் உரையாடலும் எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. இந்த விளையாட்டை உருவாக்கிய பெதெஸ்டா நிறுவனத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களுடைய அறையில் என்ன பேசி முடிவெடுத்தார்கள் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. திரையில் வந்ததை வைத்துப் பேசுகிறேன். என் ஊகம் தொடங்கும் இடங்களில் அது ஊகம் என்று சொல்லிவிடுகிறேன்.

விளையாடாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு உட்பட எல்லாம் வெளிப்படும். 2077 அக்டோபர் 23 அன்று அமெரிக்காவும் சீனாவும் அணுகுண்டுகளை வீசி உலகத்தையே அழித்துக்கொள்கின்றன. அதிலிருந்து 200 ஆண்டுகள் கழித்து, 2277இல், வாஷிங்டன் நகரத்தின் இடிபாடுகளில் நம் கதை நடக்கிறது. வால்ட் 101 என்ற நிலவறைக் குடியிருப்பில் வளர்ந்த 19 வயதுப் பிள்ளை நாம். அப்பா ஜேம்ஸ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட, அவரைத் தேடிப் போகிறோம். கதிர்வீச்சு கலந்த ஆற்று நீரைச் சுத்தமாக்க, ஜெஃபர்சன் நினைவு மண்டபத்துக்குள் அவரும் அம்மா கேத்தரினும் ஒரு பெரிய இயந்திரம் கட்டத் தொடங்கியிருந்தார்கள். நம்மைப் பெற்றெடுத்த கையோடு அம்மா இறந்துபோனதால் அந்த வேலை பாதியில் நின்றது. அப்பா அதை மறுபடி கையில் எடுக்கும் நேரத்தில் என்க்ளேவ் படை வந்து இறங்குகிறது. போருக்கு முந்தைய அமெரிக்க அரசின் வாரிசு தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம் அது. அதன் தளபதி கர்னல் அகஸ்டஸ் ஆட்டம். தலைவர் ஜான் ஹென்றி ஈடன், வானொலியில் இனிக்க இனிக்கப் பேசும் ஜனாதிபதி.

நீங்கள் குறிப்பிட்ட காட்சியை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அப்பாவும் கர்னலும் எதிரெதிரே நிற்கிறார்கள்; நாம் இந்தப் பக்கம். இயந்திரத்தை அரசிடம் ஒப்படை என்கிறார் கர்னல். இது தனிப்பட்ட ஆராய்ச்சி, உங்களுக்கு இங்கே அதிகாரம் இல்லை என்கிறார் அப்பா. கர்னல் துப்பாக்கியை எடுத்து உதவியாளர் ஒருவரைச் சுட்டுத் தள்ளுகிறார். ஒப்படைப்பதுபோலப் போக்குக்காட்டி, அப்பா அறை முழுக்கக் கதிர்வீச்சைத் திறந்துவிடுகிறார். கர்னல் தன் கையில் எதையோ ஊசியாகக் குத்திக்கொண்டு சரிகிறார். அப்பா கண்ணாடியைப் பிடித்தபடி நம்மை ஓடச் சொல்லிவிட்டு விழுகிறார். இந்தக் காட்சியில் கர்னல் இயந்திரத்தைக் கேட்கிறாரே தவிர, அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கு வாயே இல்லை. உங்கள் குழப்பத்தின் வேர் இந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

இனி உறுதியாகத் தெரிந்தவை. ஈடனுடைய நோக்கத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. ரேவன் ராக் தளத்தில் அவரை நேரில் சந்திக்கும்போதுதான் அவர் மனிதரே இல்லை, ஒரு கணினி என்று தெரிகிறது. பழைய ஜனாதிபதிகளைப் படித்துப் படித்து ஆளுமை வளர்த்துக்கொண்ட கணினி. உயிர்களின் உடலையே உருமாற்றும் எஃப்.இ.வி. என்ற செயற்கை வைரஸின் மாற்றியமைக்கப்பட்ட வடிவம் அடங்கிய குப்பி ஒன்றை நம்மிடம் கொடுத்து, சுத்திகரிப்பு இயந்திரத்தில் கலக்கச் சொல்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற, கதிர்வீச்சால் மரபணு சிதைந்த எவரும் பிழைக்கமாட்டார்கள். வெளியுலகில் வாழும் ஏறக்குறைய எல்லோரும் இதில் அடக்கம். 1998இல் வந்த ஃபால்அவுட் 2இல் இதே என்க்ளேவின் ஜனாதிபதி ரிச்சர்ட்சன் போட்ட திட்டத்தின் மறுபதிப்பு இது. அங்கே காற்று, இங்கே தண்ணீர். கொடூரமான நோக்கம்தான், ஆனால் தெளிவானது. கர்னலுக்கு இந்தத் திட்டத்தில் உடன்பாடில்லை என்பதும் உறுதி. நம்மை நடமாட விடும்படி ஈடன் கட்டளையிட, அதை மீறி நம்மைச் சுட்டுக்கொல்லத் தன் படைக்கு உத்தரவிடுகிறார் அவர். அதாவது இறுதிக் கட்டத்தில் கர்னல் யார்? ஊரையே விஷம் வைத்துக் கொல்லும் யோசனையை எதிர்ப்பவர். சுத்தமான தண்ணீர் வரவேண்டும் என்பவர். நாமும் அதேதான். அப்படியிருந்தும் கடைசி அறையில் நம் வழியை மறித்துக்கொண்டு நிற்பவர் அவரே.

ஆகவே நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை. எழுத்து வேலை தெரிந்தவன் என்ற முறையில் என் கணிப்பு இதுதான்: ஒரு வில்லனுக்குச் சேரவேண்டியவற்றை இரண்டு பேருக்குப் பங்குபோட்டுவிட்டார்கள். திட்டம் ஈடனிடம் போய்விட்டது, துப்பாக்கி கர்னலிடம் போய்விட்டது. வானொலிக் குரல் ஒரு கணினி என்ற திருப்பம் நன்றாக இருந்ததால், கொள்கை முழுவதையும் அதன் வாயில் வைத்தார்கள். ஆனால் கணினியால் கடைசி அறைக்கு நடந்து வரமுடியாது. சண்டைக்கு ஓர் உடம்பு வேண்டும். அந்த உடம்பாகக் கர்னல் வந்து நிற்கும்போது அவரிடம் எதிர்க்கொள்கை எதுவும் மிச்சமில்லை. இது ஊகம்தான். ஆனால் நான் திருத்திய வரைவுகளில் இதே நோயைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தனித்தனியே படித்தால் ஒவ்வொரு காட்சியும் நன்றாக இருக்கும். வரிசையாக அடுக்கும்போதுதான், முக்கிய எதிரி நாயகனோடு ஒத்துப்போகிறவர் என்பது தெரியவரும்.

கர்னலுக்கு நோக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. நாம்தான் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் அது என்க்ளேவ் கொடுத்த தண்ணீராக இருக்கவேண்டும். குடிநீருக்கு வழியில்லாத நாட்டில் குழாயின் திருகைப் பிடித்திருப்பவர்தான் அரசாங்கம். இயந்திரத்தின் கடவுச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது 216. கேத்தரினுக்கு மிகவும் பிடித்த விவிலிய வசனமான வெளிப்படுத்தின விசேஷம் 21:6லிருந்து வந்த எண். தாகமாயிருப்பவனுக்கு ஜீவத்தண்ணீரை இலவசமாகக் கொடுப்பதாகச் சொல்லும் வசனம். அந்த "இலவசமாக" என்பதில்தான் அப்பாவுக்கும் கர்னலுக்கும் இடையிலான மொத்தச் சண்டையும் அடங்கியிருக்கிறது. ஒருவர் யாரிடமும் எதுவும் கேட்காமல் கொடுக்க நினைக்கிறார். மற்றவர் பதிலுக்கு விசுவாசம் கேட்பார். இந்தக் கதைக்குத் தேவையான மோதல் அதற்குள்ளேயே, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. குழந்தைப் பருவக் காட்சியிலேயே அந்த வசனத்தைக் காட்டி விதை போட்டுவிட்டார்கள். கர்னல் ஒரே ஒருமுறை வாயைத் திறந்து, இலவசமாகக் கொடுத்தால் நாளைக்கே கொள்ளைக்காரன் ஒருவன் வந்து பிடித்துக்கொள்வான், காவலுக்குப் படை வேண்டும், படைக்கு அரசு வேண்டும் என்று வாதாடியிருந்தால் எனக்கே அவர் பக்கம் கொஞ்சம் மனம் சாய்ந்திருக்கும். அந்த வாதம் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

பொதுவாக ஓட்டை என்று சொல்லும்போது, முன்னுக்குப்பின் முரணான செய்தியைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறோம். விளையாட்டுகளைப் பொறுத்தவரை நான் வேறு அளவுகோல் வைத்திருக்கிறேன். புத்தகம் படிப்பவருக்குக் கதைக்குள் வாய் கிடையாது. விளையாடுபவருக்கு இருக்கிறது, திரையின் கீழே நாலைந்து வாக்கியங்கள் பட்டியலாக வரும், அதில் ஒன்றை அவர் தேர்ந்தெடுப்பார். அந்த நேரத்தில் அவர் மனதில் ஒரு கேள்வி முட்டிக்கொண்டு நின்று, பட்டியலில் அது இல்லாமல் போனால் கதை அங்கே உடைகிறது. தர்க்கம் சரியாக இருந்தாலும் உடைகிறது. கர்னலிடம், "நானும் இதை ஓடவைக்கத்தான் வந்திருக்கிறேன், வேண்டுமானால் விசையை நீங்களே அழுத்துங்கள்" என்று சொல்ல வழியில்லை. பேச்சுத் திறமை இருந்தால் கடைசி அறையில் அவரைச் சுடாமல் வெளியே அனுப்பலாம். ஆனால் அந்தப் பேச்சு, நீ தோற்றுவிட்டாய், விலகிப் போ என்பதைச் சுற்றியே போகிறது. இருவருக்கும் வேண்டியது ஒன்றுதானே என்று யாரும் கேட்பதில்லை.

இதே தொடரின் முதல் விளையாட்டோடு ஒப்பிட்டால் நான் சொல்வது விளங்கும். 1997இல் வந்த ஃபால்அவுட், கலிஃபோர்னியாவில் 2161இல் நடப்பது. அதன் வில்லன் மாஸ்டர். முன்பு ரிச்சர்ட் கிரே என்ற மருத்துவராக இருந்து, மரிபோசா ராணுவத் தளத்தில் எஃப்.இ.வி. தொட்டியில் விழுந்து, கணினியோடும் பிற உடல்களோடும் ஒட்டிப்போன சதைக்குவியலாக மாறியவர். அவர் பேசும்போது ஒரே வாக்கியத்துக்குள் ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறி வரும், கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அவருடைய வாதம் நேரானது. மனிதர்கள் வேற்றுமையால் அடித்துக்கொண்டு உலகத்தை அழித்தார்கள். இந்தப் பாழ்நிலத்தைத் தாங்கும் உடல் சாதாரண மனிதருக்கு இல்லை. எல்லோரையும் தொட்டியில் முக்கி ஒரே இனமாக்கிவிட்டால் பிழைப்பும் உண்டு, சண்டையும் தீரும். இதைக் கேட்டு முடிக்கும்போது, இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் நாமே தடுமாறுவோம். அருவருப்பான உருவம், ஆனால் அதற்குள் ஒரு மருத்துவர் இன்னும் நோயைக் குணப்படுத்தத் துடித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தத் திட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது: தொட்டியில் முக்கி உருவாக்கிய இனத்துக்குப் பிள்ளை பிறக்காது. கதாசிரியர்களுக்கு இது தெரியும். மாஸ்டருக்குத் தெரியாது. பழைய தொழில்நுட்பத்தைத் தேடிப் பாதுகாக்கும் படைக்குழுவான பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீலின் பதுங்கிடத்தில் வ்ரீ என்ற ஆராய்ச்சியாளரிடம் பேசிப் பார்ப்பவர்களுக்கு, பிரேதப் பரிசோதனைக் குறிப்பு அடங்கிய வட்டு ஒன்று கிடைக்கும். அதைக் கொண்டுபோய் மாஸ்டரிடம் காட்டி, உன் இனத்துக்கு அடுத்த தலைமுறையே இல்லை என்று புரியவைக்கலாம். அவர் உடைந்துபோகிறார். தன் பெயரால் நடந்த கொடுமைகள் எல்லாம் வீண் என்று உணர்ந்து, நம்மை வெளியேறச் சொல்லிவிட்டுத் தன் இடத்தைத் தானே தகர்த்துக்கொள்கிறார். ஒரு குண்டுகூடச் சுடாமல் கதை முடிகிறது. வில்லனின் திட்டத்தில் ஓட்டை இருப்பது வேறு, எழுதியவரின் கதையில் ஓட்டை இருப்பது வேறு. முன்னதைக் கண்டுபிடிப்பதே அங்கே ஆட்டக்காரரின் வெற்றி. விஞ்ஞானிகளைக் கையில் வைத்திருந்த மாஸ்டருக்கு இவ்வளவு ஆண்டுகளாக இது தெரியாமலா போயிற்று என்று சிலர் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான். தனக்குப் பிடித்த முடிவுக்கு எதிரான சான்றை அவர் பார்க்க மறுத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபால்அவுட் 3இல் ஈடனையும் பேசியே அழிக்கலாம். ஆனால் அதற்கு எங்கும் அலைந்து ஆதாரம் தேடவேண்டியதில்லை. அறையிலேயே இரண்டொரு வாக்கியங்களில் கணினியைத் தர்க்கச் சுழலில் சிக்கவைத்துவிடலாம். முதல் விளையாட்டின் முடிவை நினைவூட்டத்தான் இந்தக் காட்சியை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. மாஸ்டரை வென்றபோது கிடைத்த கனம் இதில் இல்லை. நாம் சம்பாதிக்காத வெற்றி அது.

2010இல் ஆப்சிடியன் நிறுவனம் செய்த நியூ வேகாஸ் இந்தக் கலையை மறுபடி மேலே கொண்டுபோனது. அதில் சீசர் என்று தன்னை அழைத்துக்கொள்பவரின் இயற்பெயர் எட்வர்ட் சாலோ. அறிவைக் காக்கும் துறவிகளைப் போன்ற ஒரு குழுவில் வளர்ந்தவர். ரோமானியப் பேரரசின் வரலாற்றைப் படித்து, 86 பழங்குடிகளை அடித்துச் சேர்த்து ஒரு படை கட்டியவர். அடிமைமுறையும் சிலுவைத் தண்டனையும் நடத்தும் கொடியவர். அவர் கூடாரத்தில் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஹேகலின் தத்துவத்தை இழுத்து வைத்துக்கொண்டு, எதிரி நாடான நியூ கலிஃபோர்னியக் குடியரசும் தன் படையும் மோதி ஒரு புதிய ரோம் பிறக்கும் என்று விளக்குவார். அவர் சொல்வதை ஏற்கத் தேவையில்லை. அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது நமக்குத் தெரியும், அது போதும். அவருடைய தளபதி லேனியஸை, இறுதிப் போரின்போது வணிகம் தெரிந்த ஆள் ஒருவர் பேசியே திருப்பி அனுப்பலாம்: மேற்கைப் பிடித்தாலும் அதைக் காப்பாற்றத் தேவையான சரக்கும் ஆளும் உங்களிடம் இல்லை, கிழக்கும் கைநழுவிப் போகும் என்று. ஒரு பேரரசை வழங்கல் கணக்கால் தோற்கடிப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் ஒன்று. அது சாத்தியமாவதற்குக் காரணம், எதிரிக்கு ஒரு திட்டம் இருப்பதும் அதை நாம் கேட்டறிந்திருப்பதுமே.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் இந்த விளையாட்டின் உண்மையான ஓட்டை. கர்னல் விஷயத்தில் கஷ்டப்பட்டாவது நோக்கத்தைக் கட்டியெழுப்பலாம். கடைசி ஐந்து நிமிடங்களை எப்படியும் காப்பாற்ற முடியாது. இயந்திரத்தை ஓடவைக்கக் கதிர்வீச்சு நிரம்பிய அறைக்குள் ஒருவர் போயாகவேண்டும், போனவர் பிழைக்கமாட்டார். நாம் போகவேண்டும், அல்லது நம்மோடு சேர்ந்து போரிடும் பிரதர்ஹுட் படையின் சாரா லயன்ஸை அனுப்பவேண்டும். அந்த நேரத்தில் நம் பக்கத்தில் ஃபாக்ஸ் நின்றுகொண்டிருக்கலாம். அவர் ஒரு சூப்பர் மியூட்டன்ட், அதாவது எஃப்.இ.வி.யால் ராட்சத உடலாக மாறிய மனிதர். கதிர்வீச்சு அவரை ஒன்றும் செய்யாது. இதை நாம் ஊகிக்கவேண்டியதில்லை. சற்று முன்புதான் வால்ட் 87க்குள், நம்மால் நுழைய முடியாத கதிர்வீச்சு அறைக்குள் போய், இந்த இயந்திரத்துக்குத் தேவையான பாகத்தை அவரே எடுத்து வந்து கொடுத்தார். இப்போது மூன்று எண்களை அழுத்திவிட்டு வா என்று கேட்டால், இது உன் விதி, இதை நான் உன்னிடமிருந்து பறிக்கமாட்டேன் என்ற பொருளில் மறுத்துவிடுகிறார். கேரன் என்ற துணைவர் ஒரு கூல் (ghoul), அதாவது கதிர்வீச்சால் உருக்குலைந்தும் அதனாலேயே சாகாதவர்; தன் ஒப்பந்தத்தை வைத்திருப்பவர் சொல்வதை மீறமுடியாதவர், அவரும் மறுக்கிறார். ஆர்.எல்-3 என்ற ரோபோவும் போகாது. ஒரு பாத்திரம் தன் இயல்பையும் தான் முன்பு செய்ததையும் மறந்து, கதை முடியவேண்டும் என்பதற்காக மட்டும் பேசுவதுதான் என் அகராதியில் முழுமையான ஓட்டை.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதற்கு என் தொழில் அனுபவத்திலிருந்து ஒரு விளக்கம் உண்டு, இதுவும் ஊகமே. முக்கியக் கதையின் முடிவை முதலில் தீர்மானித்துவிடுவார்கள்: அப்பா செய்த தியாகத்தைப் பிள்ளை திரும்பச் செய்யவேண்டும். உடன்வரும் துணைவர்கள் வேறொரு கணக்கில், சண்டைக்கு உதவியாக, தனியே எழுதப்படுவார்கள். இந்த இரண்டும் கடைசி அறையில் முதன்முறையாகச் சந்திக்கும்போது முரண் வெளிப்படும். அதற்குள் குரல் நடிகர்களின் பதிவு முடிந்திருக்கும், அட்டவணை நெருக்கும். துணைவருக்கு ஒரு மறுப்பு வாக்கியத்தை எழுதி ஒட்டுப்போடுவதே மிச்சமிருக்கும் வழி. ஆனால் மலிவான தீர்வுகள் இருந்தன. துணைவர்களை மண்டபத்தின் வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு உள்ளே போகும்படி செய்திருக்கலாம். கதவு பூட்டிக்கொண்டது என்று ஒரு வரி போட்டிருக்கலாம். கேட்க ஆளில்லாவிட்டால் கேள்வியும் எழாது.

கர்னல் அந்தக் கதிர்வீச்சிலிருந்து எப்படித் தப்பினார் என்பதும் அடிக்கடி ஓட்டையாகச் சுட்டப்படுகிறது. ஊசி போட்டுக்கொள்வதைக் கண்ணாடி வழியே பார்த்தோம். ஏதோ கதிர்வீச்சு முறிப்பு மருந்து என்று எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டு அதற்கு மேல் சொல்வதில்லை. ஒரு வாக்கியத்தில் அடைபடக்கூடிய பொத்தல். அப்படி ஒரு மருந்து உண்டு என்றால் கடைசி அறையில் நமக்கும் ஓர் ஊசி போட்டிருக்கலாமே என்ற கேள்வி மட்டும் கூர்மையானது, அதற்குப் பதில் கிடையாது.

உலகக் கட்டுமானம் பற்றிய குறைகள் வேறு வகை. 200 ஆண்டுகள் கழிந்தும் மக்கள் பழைய சூப்பர்மார்க்கெட்டைக் குடைந்து டப்பா உணவு தின்கிறார்கள். போர் நடந்து 84 ஆண்டுகளுக்குள்ளேயே முதல் விளையாட்டின் கலிஃபோர்னியாவில் பயிர் வைத்துக் கிராமம் அமைத்துவிட்டார்கள். இதைவிடக் கதையை நேரடியாகப் பாதிப்பது தண்ணீர்தான். மெகாடன் ஊருக்குள் சொந்தமாகத் தண்ணீர் பதப்படுத்தும் நிலையம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வால்டர் என்ற முதியவருக்காகக் குழாய்க் கசிவுகளை நாமே சரிசெய்கிறோம். அந்த ஊரில் வீடு கிடைத்தால், வாட்ஸ்வர்த் என்ற வேலைக்கார ரோபோ அவ்வப்போது சுத்தமான தண்ணீர் பாட்டில்கள் தருகிறது. வாசலில் ஒருவர் தாகத்தால் சாகக்கிடந்து நல்ல தண்ணீர் கேட்டுப் பிச்சையெடுக்கிறார். உள்ளே என் வீட்டு ரோபோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதை ஓட்டை என்பதைவிட, அளவைச் சரியாகக் காட்டத் தவறியது என்பேன். பணம் உள்ளவருக்குத் தண்ணீர் உண்டு, மற்றவருக்கு இல்லை என்று ஒரு காட்சியில் அழுத்தியிருந்தால், அப்பாவின் "இலவசம்" எதற்காக என்பது எல்லோருக்கும் உறைத்திருக்கும்.

கதிர்வீச்சு இவ்வளவு காலம் தங்குமா என்பதையும் கேட்பார்கள். நான் இயற்பியல் படித்தவன் அல்ல. பாடப்புத்தக அளவில் சொல்கிறேன். அணுகுண்டு எச்சத்தில் நெடுநாள் தொல்லை தரும் சீசியம்-137இன் அரைவாழ்வு ஏறக்குறைய 30 ஆண்டுகள். 200 ஆண்டுகளில் அது நூறில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். நிஜ உலகக் கணக்கில் ஆறு அவ்வளவு விஷமாக இருக்காது. ஆனால் இந்தத் தொடர், 1950களின் அறிவியல் கதைகள் கற்பனை செய்த கதிர்வீச்சை வைத்துக் கட்டிய உலகம். எறும்பு யானைபோல வளர்வதை ஒப்புக்கொண்டு உள்ளே வந்தவர்கள் இதையும் ஒப்புக்கொள்ளலாம். இதை நான் ஓட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

2015இல் வந்த ஃபால்அவுட் 4 பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து அதைத்தான் விளையாடுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இன்ஸ்டிட்யூட் என்ற நிலத்தடி விஞ்ஞானிகள் கூட்டம் மனிதர்களைக் கடத்திவிட்டு, அவர்கள் இடத்தில் அச்சு அசலான செயற்கை மனிதர்களை வைக்கிறது. இங்கே கேட்க வாய் கொடுத்திருக்கிறார்கள்; அதன் தலைவரோடு நீண்ட நேரம் பேசலாம். மனிதகுலத்தின் எதிர்காலம் என்ற பெரிய சொல் கிடைக்கும். ஆனால் இந்த ஆள்மாற்றம் அந்த எதிர்காலத்துக்கு எப்படி உதவுகிறது என்பது என்னைத் திருப்திப்படுத்தும் அளவுக்கு எங்கும் விளங்கவில்லை. கர்னலுக்கு நோக்கம் இருந்தும் பேச்சு இல்லை. இவர்களிடம் பேச்சு இருந்தும் நோக்கம் பிடிபடவில்லை. விளையாடியவர்களில் என்னோடு உடன்படாதவர்கள் உண்டு. நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

கடைசியாக பிரோக்கன் ஸ்டீல். 2009 மே மாதம் வந்தது. கடைசி அறைக்குள் ஃபாக்ஸையோ கேரனையோ ரோபோவையோ அனுப்ப வழிசெய்கிறது. நாமே போனாலும் பிழைத்து, இரண்டு வாரம் கழித்துக் கண்விழிக்கிறோம். பெரிய ஓட்டை அந்த வகையில் அடைபடுகிறது. ஆனால் பழைய முடிவுரையின் தொனி மாறவில்லை. கதிர்வீச்சு ஒன்றும் செய்யாத நண்பரை அனுப்பும் புத்திசாலித்தனத்தை, அப்பாவின் தியாகத்தைப் பின்பற்றாத கோழைத்தனம்போலவே கதைசொல்லியின் குரல் பேசும். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கர்னலின் நோக்கம் பற்றி அதில் நேரடியாக எதுவும் இல்லை. ஆனால் தண்ணீர் ஓடத் தொடங்கியபின் என்ன நடக்கிறது என்று காட்டுகிறார்கள்: பிரதர்ஹுட் படை ரிவெட் சிட்டி என்ற குடியிருப்பிலிருந்து வண்டிகளில் தண்ணீரை ஊர் ஊராக அனுப்புகிறது, வழியில் கொள்ளை நடக்கிறது, கூல் மக்கள் குடியிருப்பில் ஒருவன் போலித் தண்ணீர் விற்கிறான், மெகாடன் பக்கம் ஒரு கூட்டம் அதைக் கதிர்வீச்சோடு கலந்து தீர்த்தமாக்குகிறது. யார் பங்கிடுவது, யார் காவல் நிற்பது என்ற கேள்விகள் எல்லாம் அங்கேதான் எழுகின்றன. தள்ளுபடியில் கிடைத்தால் வாங்குங்கள். அந்தத் தண்ணீர் வண்டிப் பணிகளை அவசரப்படாமல் விளையாடுங்கள். கர்னல் தன் வாயால் சொல்லாமல் போன வாதம் முழுவதும் அவற்றில் சிதறிக் கிடக்கிறது.